கிரீந்திரசேகர் போஸ்: மனநல சிகிச்சைக்கு 'ஓ.பி. சீட்டு' தந்த கொல்கத்தா டாக்டர்

மூணு வாரமா தூக்கம் சரியில்லை. வேலையில் மனசு நிற்கவில்லை. கடைசியில் ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறீர்கள். லஞ்ச் டைமில் போய்ப் பார்த்துவிட்டு, மாத்திரையோடு ஆபீஸுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும்.

நூறு வருடங்களுக்கு முன்னால் இந்தியாவில் இது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதை மாற்றிய முதல் ஆட்களில் ஒருவர் கிரீந்திரசேகர் போஸ். போஸ் என்றதும் சுபாஷும் ஜகதீஷும் நினைவுக்கு வருவார்கள். இவர் அவர்கள் அளவுக்குப் பாடப்புத்தகத்தில் இடம்பிடிக்காதவர்.

யார் இவர்?

பிறந்தது 1887-ல். அப்பாவுக்கு பிஹாரின் தர்பங்கா மகாராஜாவிடம் எஸ்டேட் நிர்வாகி வேலை. அதனால் சிறுவயது அங்கேயே கழிந்தது. வங்க மொழியில் பரசுராம் என்ற பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ராஜசேகர் பாசு இவருடைய அண்ணன்.

கிரீந்திரசேகர் 1910-ல் கல்கத்தா மெடிக்கல் காலேஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிராக்டிஸ் நன்றாகவே போனது. ஆனால் மனசு சம்பந்தப்பட்ட நோய்கள் அவரை விடவில்லை. ஹிப்னாடிசத்தில் ஏற்கெனவே ஆர்வம் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகம் 1916-ல் உளவியல் துறையைத் தொடங்கியதும், முப்பதை நெருங்கும் வயதில், டாக்டர் தொழிலை விடாமல் மறுபடி மாணவரானார். 1917-ல் எம்.ஏ., 1921-ல் டி.எஸ்சி.

அந்த ஆய்வை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு அனுப்பிவைத்தார். கடிதப் போக்குவரத்து 1930-கள் வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. போஸ் சிஷ்யராக மட்டும் இருக்கவும் இல்லை; ஃப்ராய்டின் சில கருத்துகள் இந்திய நோயாளிகளுக்குப் பொருந்தவில்லை என்று அவருக்கே எழுதினார். 1922-ல் பார்சிபகான் சந்தில் இருந்த தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்.

அப்போதைய நிலைமை என்ன?

அன்று அமலில் இருந்தது 1912-ம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம். மனநோய் என்றால் பெரும்பாலும் ஒரே வழிதான்: மாஜிஸ்திரேட் உத்தரவு, பெரிய மதில் சுவர், உள்ளே அட்மிஷன். நம்மூரில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கிண்டல் செய்வது போல, வட இந்தியாவில் ராஞ்சி என்று சொல்வார்கள். ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது.

இதில் யார் விடுபட்டார்கள் என்று பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டு, உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தவர்கள். மதிலுக்குள் போகும் அளவுக்கு அவர்களுக்கு முற்றவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவோ இடமே இல்லை.

1933-ல் என்ன நடந்தது?

கல்கத்தாவின் கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் போஸ் ஒரு மனநல புறநோயாளிகள் பிரிவைத் திறந்தார். இன்று ஆர்.ஜி. கர் என்று நீங்கள் அறிந்திருக்கும் கல்லூரிதான் அது. பொது மருத்துவமனை ஒன்றில் இப்படி ஒரு பிரிவு தொடங்கியது இந்தியாவில் அதுவே முதல்முறை. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் வந்தது அதன் பிறகு, 1938-ல்.

கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் காய்ச்சல்காரரும் கால் உடைந்தவரும் வரும் அதே கேட் வழியாக மனநோயாளியும் வரலாம். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

1940-ல் அவருடைய முயற்சியில் லும்பினி பார்க் மருத்துவமனை உருவானது. அண்ணன் ராஜசேகர் இடம் தந்தார். வெறும் 3 படுக்கைகளோடு ஆரம்பம். இன்று அது மேற்கு வங்க அரசு மருத்துவமனை.

போதாமைகளும் உண்டு

உளப்பகுப்பாய்வு என்பது ஒருவரோடு மணிக்கணக்காக, மாதக்கணக்காக உட்கார்ந்து பேசுவது. அதைப் பெற முடிந்தவர்கள் பெரும்பாலும் படித்த நகரவாசிகள். தீவிர மனநோய்க்கு நவீன மருந்துகளும் அன்று கிடையாது. 1950-களில்தான் அவை வரத் தொடங்கின. அதைப் பரவலாகப் பார்க்கும் முன்பே, 1953 ஜூனில் போஸ் காலமானார். வீட்டில் இருந்தபடியே சிகிச்சை என்பதைப் பெரிய அளவில் சாத்தியமாக்கியது அந்த மருந்துகள்தான். ஆனால் அவை வந்தபோது நோயாளி போய் நிற்க ஒரு கதவு தேவைப்பட்டது. அந்தக் கதவின் மாதிரி ஏற்கெனவே கையில் இருந்தது.

இப்போது எங்கே நிற்கிறோம்?

பெல்லாரியில் 1980-களில் நிம்ஹான்ஸ் சோதித்த மாதிரியை வைத்து, 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. 2017 சட்டம் புறநோயாளி சிகிச்சையை உரிமையாகவே சொல்கிறது. அப்படியும் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: பெரியவர்களில் சுமார் 10.6% பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. நோயைப் பொறுத்து 70 முதல் 92% பேருக்கு சிகிச்சை போய்ச் சேரவில்லை.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த 2017 சட்டப்படி, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். ஆனால் பல பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும்; ஓ.பி. செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்து. அட்மிட் ஆகாமலே குணமாகலாம் என்று போஸ் கிளினிக் திறந்து 90 வருடம் தாண்டிவிட்டது. உங்கள் பாலிசியில் ஓ.பி. கவரேஜ் இருக்கிறதா என்று இன்றைக்கே ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போதே யாரிடமாவது பேசணும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.