கற்காலம் கண்ட இராபர்ட் புரூஸ் பூட்

எழுத்து தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மக்கள் தம் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. அவர்கள் செய்து பயன்படுத்திய கருவிகளே அவர்தம் வரலாறு. அவ்வரலாற்றை இந்திய மண்ணிலிருந்து வெளிக்கொணர்வதில் முன்னோடியாக நின்றவர் இராபர்ட் புரூஸ் பூட். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அறிஞர்கள் அவரைப் போற்றுவர்.

பூட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் செல்டனம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஆராய்ந்து நிலப்படம் வரைவதே அவர்தம் பணி. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழறிந்த பெருமகனார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக் கற்களுக்கிடையே ஒரு கல்லைப் பூட் கண்டார். மற்றவர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவரோ அதன் இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு விளிம்பு கூர்மையாக்கப்பட்டிருப்பதை உற்று நோக்கினார். நீரும் வெயிலும் செய்த வேலையன்று, மனிதக் கை செய்த வேலை என்று உணர்ந்தார். அதுவே பழைய கற்காலக் கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடையில் மேலும் பல கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தின் பழைமை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்பது 2011இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

கற்கருவிகள் கிடைத்தன. ஆயினும் அக்கால மனிதரோடு வாழ்ந்த விலங்குகள் எவை? திறந்த வெளியில் எலும்புகள் விரைவில் மக்கிவிடும். சுண்ணாம்புக்கல் குகைகளிலோ அவை நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆந்திரப் பகுதியில், பேதஞ்செர்லாவுக்கு அருகில் உள்ள பில்லசுர்கம் குகைகளைப் பற்றி நியூபோல்டு என்பவர் முன்னரே எழுதியிருந்தார். அவற்றை முறையாக அகழ வேண்டும் என்று புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஹக்ஸ்லி சென்னை ஆளுநரை வலியுறுத்தினார். பொறுப்பு பூட்டிடம் வந்தது.

அகழாய்வு பொறுமையை வேண்டும் பணி. ஒரே நாளில் குழி தோண்டிப் பொருளை எடுத்துவிடுவது அகழாய்வாகாது. மேலடுக்கு பிந்திய காலத்தது. கீழடுக்கு முந்திய காலத்தது. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தெரியாவிடில் அதன் காலமும் தெரியாது. பூட் பணியைத் தொடங்கினார். பின்னர்ப் படையில் பணியாற்றிய அவருடைய மகன் ஹென்றி அதனைத் தொடர்ந்தார். குகையின் செம்மண்ணிலிருந்து காண்டாமிருகம், கழுதைப்புலி, பபூன் குரங்கு முதலியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. அப்பகுதியில் காண்டாமிருகமும் பபூன் குரங்கும் இன்று இல்லை. செதுக்கிக் கூராக்கப்பட்ட எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. அவை மனிதர் செய்த கருவிகளே என்று பூட் அறிவித்தார்.

அம்முடிவைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர். பூட் தம் வாழ்நாளில் அந்த ஐயம் தீரக் காணவில்லை. 1970களில் எம்.எல்.கே. மூர்த்தி அதே பகுதியின் மற்றொரு குகையில் அகழாய்வு செய்தார். அங்கே எலும்புக் கருவிகளும், மனிதர் தீ மூட்டிய அடுப்பின் எச்சமும் கிடைத்தன. அத்தீயின் காலம் ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணிக்கப்பட்டது. பூட் சென்ற வழி சரியே என்பது விளங்கிற்று.

1891இல் பணி ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. பரோடா, மைசூர் அரசுகளுக்காக நிலவியல் ஆய்வுகள் செய்தார். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய கருவிகளை, கிடைத்த இடம் குறித்துப் பேணி வைத்தார். அத்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912இல் கல்கத்தாவில் மறைந்தார். அவர் விரும்பி வாழ்ந்த ஏற்காட்டில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது. அவர் பிறந்த மண் வேறு. வாழ்நாளெல்லாம் கற்ற மண் வேறு. காலடியில் கிடந்த கல்லையும் கருத்தூன்றி நோக்கியமையால், இந்நாட்டின் வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி நீட்டினார்.

சொற்பொருள்
சரளை – பருக்கைக் கல்
எச்சம் – எஞ்சி நிற்பது
ஐயுற்றனர் – சந்தேகம் கொண்டனர்
பேணி – பாதுகாத்து

விடையளிக்க
1. பல்லாவரத்தில் கிடைத்த கல் மனிதர் செய்தது என்பதைப் பூட் எவ்வாறு அறிந்தார்?
2. குகைகளை அகழ வேண்டிய தேவை ஏன் எழுந்தது?
3. நீ வாழும் ஊரில் உள்ள பழைமையான இடம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.