நெப்போலியன் கப்பல்களுக்குக் காத்திருந்த திப்பு... 6 ஆண்டு தனியாக நின்ற கொங்கு வீரர்: யார் இந்த தீரன் சின்னமலை?

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் புதுமணத் தம்பதிகள் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், சங்ககிரியிலும் ஓடாநிலை மணிமண்டபத்திலும் மாலையோடு கூட்டம் நிற்கும். காரணம், ஆடி 18 தீரன் சின்னமலையின் நினைவு நாள்.

கொங்கு மண்ணில் இவர் பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனா, இவர் கடைசி வரை ஏன் தனியாகவே போராட வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு பதில் தேடினால், அது எகிப்து கடலோரம் வரை போகிறது.

தீர்த்தகிரி சின்னமலை ஆனது எப்படி?

காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17 அன்று பிறந்தார். பெற்றோர் ரத்னசாமி கவுண்டர், பெரியாத்தா. வீட்டில் வைத்த பெயர் தீர்த்தகிரி. சிலம்பம், வாள்வீச்சு, குதிரையேற்றம் எல்லாம் இளம் வயதிலேயே கைவந்தன.

அப்போ கொங்கு நாடு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. இங்கே வசூலான வரிப்பணம் சங்ககிரி வழியாக மைசூருக்குப் போகும்போது தீர்த்தகிரி அதைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தாராம். யார் எடுத்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை எடுத்தது என்று சொல்லச் சொன்னாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது என்பது கொங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

மைசூருடன் மோதியவர் திப்புவுடன் சேர்ந்தது ஏன்?

கிழக்கிந்திய கம்பெனி வளர்ந்த வேகம்தான் காரணம். 3-வது மைசூர் போரில் தோற்ற திப்பு சுல்தான், 1792-ல் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். சேலம் பகுதி கம்பெனி கைக்குப் போனது. கோவை மட்டும் திப்புவிடம் மிஞ்சியது. அடுத்த குறி கோவைதான் என்பது தெளிவாகத் தெரிந்த நிலையில், சின்னமலை கொங்கு இளைஞர்களைத் திரட்டி திப்புவின் பக்கம் நின்றார். அங்கே பிரெஞ்சு வீரர்களிடம் போர்ப்பயிற்சி பெற்றதாகவும் கொங்கு வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

பிரெஞ்சு உதவி ஏன் வரவில்லை?

1793-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். 1795-ல் இலங்கையின் திருகோணமலையும், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையும் அவர்கள் வசமாயின. இந்தியாவுக்கு வரும் கடல் வழியில் பிரான்சுக்கு மிஞ்சிய முக்கியத் தளம் மொரிஷியஸ்தான்.

அங்கே திப்பு தூதர்களை அனுப்பினார். ரகசியமாகப் பேச வேண்டிய விஷயத்தை, 1798 ஜனவரி 30 அன்று மொரிஷியஸ் ஆளுநர் மலார்த்திக் பகிரங்க அறிவிப்பாகவே வெளியிட்டுவிட்டார். வந்து சேர்ந்தது சுமார் 100 பேர்தான். ஆனா, திப்பு மீது படையெடுக்க கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அந்த அறிவிப்பே காரணமாகக் கிடைத்தது.

அதே ஆண்டு மே மாதம் நெப்போலியன் பெரும்படையுடன் எகிப்துக்குக் கிளம்பினார். ஆங்கிலேயர்களின் இந்திய வழியை அடைப்பது அவரது நோக்கங்களில் ஒன்று. ஜூலையில் அலெக்சாந்திரியாவும் கெய்ரோவும் விழுந்தன.

ஆகஸ்ட் 1 மாலை எல்லாம் மாறியது. அபூகிர் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களை ஆங்கிலேயத் தளபதி நெல்சன் தாக்கினார். 13 பெரிய போர்க்கப்பல்களில் 11 பிடிபட்டன அல்லது அழிந்தன. தளபதி கப்பலான 'லோரியன்' நள்ளிரவுக்கு முன்பே வெடித்துச் சிதறியது. நைல் போர் என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

கப்பல் போனதால் ஆட்களும் குண்டும் மருந்தும் பிரான்சிலிருந்து வர வழியில்லை. 1799 தொடக்கத்தில் நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதமும் வழியிலேயே ஆங்கிலேயர்களிடம் சிக்கியது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போர்க்களத்திலேயே உயிரிழந்தார்.

அதன் பிறகு சின்னமலை என்ன செய்தார்?

கோவை கம்பெனி கைக்குப் போனது. பலரும் பணிந்துபோன நேரத்தில், சின்னமலை ஊர் திரும்பி அரச்சலூர் அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார். பீரங்கிகளும் அங்கேயே தயாரானதாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் படை இனி வராது என்ற நிலையில், பக்கத்தில் இருந்தவர்களைச் சேர்ப்பது ஒன்றே வழி.

மைசூருக்கு வடக்கே தூந்தாஜி வாக், திண்டுக்கல் பக்கம் கோபால் நாயக்கர் என ஆங்கிலேய எதிர்ப்பாளர்கள் கைகோத்தார்கள். 1800 ஜூன் தொடக்கத்தில் கோவைக் கோட்டை மீது நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பிடிபட்ட பலர் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பர் 10 அன்று தூந்தாஜியும் கொல்லப்பட்டார்.

அப்படியும் சின்னமலை ஓயவில்லை. 1801-ல் காவிரிக் கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என 3 மோதல்களில் அவர் படை வென்றதாகக் கொங்கு வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. கடைசியில் கம்பெனி பெரும்படையோடு ஓடாநிலைக்கு வந்தபோது கோட்டை காலியாக இருந்தது. ஆத்திரத்தில் அதை இடித்துத் தள்ளினார்கள்.

சங்ககிரியில் முடிந்த போர்

பழனி பக்கம் கருமலையில் மறைந்திருந்தவர், சமையல்காரர் காட்டிக்கொடுத்ததால் பிடிபட்டார் என்பது வழிவழியாக வரும் தகவல். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையும் அவருடைய சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது 49.

அதிலிருந்து 82-வது நாள், அக்டோபர் 21 அன்று, டிராஃபல்கர் கடற்போரில் நெல்சன் இறந்தார். ஆனா, அந்தப் போரிலும் ஜெயித்தது ஆங்கிலேயக் கடற்படைதான். கடலில் அவர்களைத் தட்டிக்கேட்க ஆளில்லாத நிலை இன்னும் உறுதியானது.

200-வது நினைவு ஆண்டான 2005-ல் இந்திய அஞ்சல் துறை சின்னமலைக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஓடாநிலையில் இன்று அந்தப் பழைய கோட்டை இல்லை. தமிழக அரசு கட்டிய மணிமண்டபம்தான் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து அரச்சலூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.