காயலான் கடைக்குப் போன கோடி ரூபாய் ஓவியங்கள்!
ஹாலந்து நாட்டில் பிரெடா என்று ஒரு ஊர். 1900-ம் ஆண்டு முடிந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும்.

அந்த ஊர்க் காயலான் கடைக்காரர் ஒருவர் தள்ளுவண்டியில் பழைய சாமான்களைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். வண்டியில் கொஞ்சம் படங்களும் கிடந்தன. துணியில் எண்ணெய் வர்ணத்தால் வரைந்த படங்கள். எல்லாம் கருப்பும் பழுப்புமாக இருந்தன. உழவர் முகம், குடிசை, நெசவுத்தறி இவைதான் அதில் இருந்தன.

விலை 5 சென்ட். கொஞ்சம் பெரிய படம் என்றால் 10 சென்ட். நம் ஊர்க் கணக்கில் சில்லறைக் காசு!

வாங்கியவர்களுக்கு அது யார் வரைந்தது என்று தெரியாது. விற்றவருக்கும் தெரியாது.

வரைந்தவர் அப்போது உயிரோடு இல்லை. அவர் பெயர் வின்சென்ட் வான்கோ. இன்றைக்கு அவருடைய ஒரு படம் ஏலத்துக்கு வந்தால் உலகக் கோடீஸ்வரர்கள் போட்டி போடுகிறார்கள்.

அந்தப் படங்கள் காயலான் கடைக்கு எப்படிப் போயின? அது ஒரு பரிதாபக் கதை.

பாதிரியார் மகன்

வான்கோ 1853-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி ஹாலந்தின் தெற்கே சுண்டர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். சரியாக ஒரு வருடம் முன்பு, அதே மார்ச் 30-ந் தேதி, அந்த வீட்டில் ஒரு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். தன் பெயர் பொறித்த கல்லறை இருந்த ஊரில் வளர்ந்த பையன் அவர்.

16 வயதில் வேலைக்குப் போனார். ஓவியம் விற்கும் ஒரு பெரிய கம்பெனி. திஹேக், லண்டன், பாரிஸ் என்று மூன்று ஊரில் வேலை பார்த்தார். 1876-ல் சீட்டுக் கிழிந்தது.

அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு புத்தகக் கடைச் சிப்பந்தி. அதன் பிறகு பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் பிரசங்கி. அங்கே தன் துணிமணிகளைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்தார். பாதிரி வேலைக்கு இது மரியாதை இல்லை என்று மேலிடம் நினைத்தது. அந்த வேலையும் போயிற்று.

1880-ல், 27 வயதில், இனி படம் வரைவதுதான் தொழில் என்று முடிவு செய்தார். சோறு போட்டது தம்பி தியோ. மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். கடைசி வரை அனுப்பினார்.

பழசு வாங்கும் பித்து

இந்த வான்கோவே பழைய சாமான் வாங்குவதில் பெரிய பித்தர்!

திஹேக் நகரில் இருந்தபோது இங்கிலாந்துப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்தார். 1883 தொடக்கத்தில் கிராபிக் என்ற லண்டன் பத்திரிகையின் 21 தொகுதிகளை மொத்தமாக வாங்கினார். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குத் தகராறு. ஆனாலும் வாங்கினார்.

ஏழைகள், வேலையில்லாதவர்கள், சுரங்கத் தொழிலாளிகள் படம் அந்தப் பத்திரிகையில் நிறைய வரும். பிடித்ததை வெட்டினார். அட்டையில் ஒட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகினார்.

பின்னால் பாரிசுக்குப் போனதும் ஜப்பான் படங்கள் மேல் ஆசை வந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த வர்ணப் படங்கள். ஒரு வியாபாரியின் கடைப் பரணில் அவை மலை மாதிரி குவிந்து கிடந்தன. விலை மலிவு. வான்கோ அங்கேயே பழியாகக் கிடந்து பொறுக்கினார். சில நூறு படம் சேர்ந்துவிட்டது. லாபத்துக்கு விற்கலாம் என்று 1887-ல் ஒரு காபிக் கடையில் கண்காட்சி வைத்தார். வியாபாரம் படுக்கவில்லை, எழவே இல்லை!

ஆனால் அந்தப் படங்கள் அவர் கண்ணைத் திறந்துவிட்டன. பழுப்பு போய் மஞ்சளும் நீலமும் வந்தது அதற்கப்புறம்தான்.

பாரிஸ் பழைய சாமான் சந்தையில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ் வாங்கி, மழையில் சேற்றில் நடந்து அழுக்காக்கி, அப்புறம் அதை வரைந்தார் என்று கூடப் படித்த ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தவர் வேண்டாம் என்று போட்டதை எல்லாம் பொக்கிஷமாக எடுத்து வைத்தவர் வான்கோ. அவர் வரைந்தது மட்டும் குப்பைக்குப் போனது!

பெட்டியில் அடைத்த படங்கள்

1883 டிசம்பர் முதல் 1885 நவம்பர் வரை நூனன் என்ற கிராமத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். ரெண்டே வருடத்தில் சுமார் 200 எண்ணெய் வர்ணப் படம் வரைந்தார். விளக்கொளியில் ஒரு உழவர் குடும்பம் உருளைக்கிழங்கு தின்னும் பேர் பெற்ற படம் அங்கே வரைந்ததுதான்.

1885 மார்ச்சில் அப்பா திடீரென்று இறந்தார். அதே வருடம் ஊரில் வீண் பழி கிளம்பியது. படத்துக்கு உட்கார்ந்த ஒரு ஏழைப்பெண் கர்ப்பம் ஆனாள். அதற்குக் காரணம் வான்கோதான் என்று பேச்சு. அவர் இல்லை என்றார். யார் கேட்டார்கள்? வான்கோவுக்கு யாரும் படத்துக்கு உட்காரக்கூடாது என்று ஊர் கத்தோலிக்கப் பாதிரியார் தடை போட்டார்.

நவம்பரில் வான்கோ ஊரை விட்டுக் கிளம்பினார். வரைந்ததில் பெரும்பகுதியை அம்மாவிடம் விட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

அடுத்த பாதிரியாருக்காக விதவைத்தாய் வீட்டைக் காலி செய்ய வேண்டிய கட்டாயம். 1886-ல் பிரெடா ஊருக்குக் குடி போனார். மகன் படங்களைப் பெட்டிகளில் அடைத்து அங்கே ஒரு தச்சரிடம் ஒப்படைத்தார். பெட்டிகளில் பூச்சி அரித்திருந்ததாம். அதனால் வீட்டுக்குள் வைக்கப் பயம்.

தாயாரைக் குற்றம் சொல்ல முடியாது. படம் ஒன்றுகூட விற்கவில்லை. ஊரில் கெட்ட பேர். பெட்டிகள் தச்சரிடமே தங்கிவிட்டன. குடும்பம் மறந்தேவிட்டது.

வருடங்கள் ஓடின. தச்சர் இடத்தைக் காலி செய்தார். பழைய சாமானோடு சாமானாகப் பெட்டிகளும் காயலான் கடைக்காரர் கூவ்ரரிடம் போயின. கிழிசல் என்று பட்டதைக் கழித்தார். மற்றதைத் தள்ளுவண்டியில் போட்டார்.

கண்ணில் பட்டது தையல்காரருக்கு!

அந்த ஊரில் மோவன் என்று ஒரு தையல்காரர். படங்கள் அவர் கண்ணில் பட்டன. பிடித்துப்போய் வாங்கினார். மேலும் மேலும் வாங்கினார். விஷயம் வெளியே கசிந்தது. 1903-ல் ரோட்டர்டாம் நகரில் ஒரு ஓவியக் கடையில் அந்தப் படங்கள் கண்காட்சிக்கு வந்தன.

சில்லறைக் காசுக்குப் போன படங்கள் இன்று அருங்காட்சியகச் சுவரில் காவலோடு தொங்குகின்றன. ஆனால் எத்தனை படம் குப்பைக்குப் போனது, எத்தனை அடுப்புக்குப் போனது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியவில்லை.

கோழிக்கூட்டில் டாக்டர்!

பிரெடாவில் மட்டுமா? பிரான்சிலும் இதே கதை.

1888 பிப்ரவரியில் வான்கோ தெற்குப் பிரான்சில் உள்ள ஆர்ல் நகருக்குப் போனார். ஓவிய நண்பர் கோகான் வந்து தங்கினார். ரெண்டு மாதத்தில் சண்டை. டிசம்பர் 23-ந் தேதி இரவு, புத்தி பேதலித்த நிலையில், வான்கோ தன் காதையே அறுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரே என்ற இளம் டாக்டர் அன்போடு பார்த்தார். நன்றிக் கடனாக அவர் உருவத்தை வரைந்து கொடுத்தார் வான்கோ. டாக்டருக்கே அது பிடிக்கவில்லை. வீட்டில் கோழிக்கூட்டில் ஒரு ஓட்டை இருந்தது. படத்தை வைத்து அதை அடைத்தார்கள்! சுமார் பத்து வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. இன்று அது மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1889 மே மாதம் தானாகவே மனநோய் விடுதியில் சேர்ந்தார். அங்கேயும் வரைந்தார். 1890 தொடக்கத்தில் பிரசல்ஸ் கண்காட்சியில் ஒரு படம் 400 பிராங்குக்கு விலை போனது. அதைக் கண்டு மகிழ ஆறு மாதம்தான் மிச்சம்.

பாரிசுக்கு அருகே ஆவேர் கிராமத்துக்கு மாறினார். அங்கே 70 நாளில் சுமார் 70 படம்! 1890 ஜூலை 27-ந் தேதி வயல் பக்கம் போனவர் குண்டுக் காயத்தோடு விடுதிக்குத் திரும்பினார். தம்பி ஓடி வந்தார். 29-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 37.

தம்பி தியோவும் ஆறே மாதத்தில் இறந்தார்.

காப்பாற்றிய தம்பி மனைவி

தியோவின் மனைவி ஜோ. அப்போது வயது 28. கையில் ஒரு வயது நிரம்பாத குழந்தை. சொத்து என்று பார்த்தால் யாரும் வாங்காத சில நூறு படம். கட்டுக்கட்டாகக் கடிதம்.

மாமியார் வீட்டுப் பெட்டி போன வழியில் இதுவும் போயிருக்கலாம். அந்த அம்மாள் விடவில்லை. ஹாலந்துக்குத் திரும்பி, தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். வீட்டுச் சுவர் எல்லாம் படங்கள். கண்காட்சி கண்காட்சியாக அனுப்பினார். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் 400-க்கு மேற்பட்ட படைப்புகளை ஒரே இடத்தில் காட்டினார். 1914-ல் கடிதங்களைப் புத்தகமாக வெளியிட்டார். தியோவின் உடலை அண்ணன் கல்லறைக்குப் பக்கத்தில் மாற்றி அடக்கம் செய்ததும் அதே வருடம்தான்.

அவர் காப்பாற்றிய படங்கள்தான் 1973-ல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த வான்கோ அருங்காட்சியகத்தின் மூலதனம்.

1990 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் ஒரு வான்கோ படம் 8 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போனது. 2022 நவம்பரில் இன்னொன்று 11 கோடியே 70 லட்சம் டாலர்!

பரணில் கிடந்த அசல்

புதையல் ஆசை இன்னும் ஓயவில்லை.

1908-ல் நார்வே நாட்டுத் தொழிலதிபர் ஒருவர் வான்கோ என்று நம்பி ஒரு படம் வாங்கினார். போலி என்று யாரோ சொல்ல, பரணில் போட்டுவிட்டார். 1991-ல் உரிமையாளர்கள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். கையெழுத்து இல்லை, வான்கோ இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

மறுபடி சோதனை நடந்தது. வர்ணம் பொருந்தியது. துணி பொருந்தியது. படத்தின் பின்னால் 180 என்று ஒரு எண். தியோவின் படப் பட்டியலிலும் அதே எண்! வான்கோ 1888 ஜூலையில் எழுதிய கடிதத்தில் அந்த இடத்தின் வர்ணனையும் இருந்தது. 2013 செப்டம்பரில் அசல் என்று அருங்காட்சியகமே அறிவித்தது.

எல்லோருக்கும் இந்த யோகம் அடிப்பதில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பழைய சாமான் விற்பனையில் 50 டாலருக்கும் குறைவாக ஒருவர் ஒரு மீனவர் படம் வாங்கினார். அது வான்கோ என்று 2025 ஜனவரியில் ஒரு கம்பெனி பெரிய அறிக்கையே வெளியிட்டது. இல்லை என்று அருங்காட்சியகம் கையை விரித்துவிட்டது.

கூவ்ரரின் தள்ளுவண்டியில் இருந்ததோ எல்லாம் அசல். அன்றைக்குச் சந்தேகப்பட ஆள் இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

10 சென்ட் கொடுக்க யோசித்து எத்தனை பேர் வண்டியைத் தாண்டிப் போனார்களோ!