உயிரணுவின் வாயிலைத் தட்டிய சுப்பாராவ்

எண்ணற்ற உயிர்களைக் காத்தும், மக்கள் நாவில் பெயர் வழங்கப்பெறாத மேதைகளுள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்னார் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். வறுமையோடு போராடி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். ஒருமுறை தவறினாலே மனமுடையும் நமக்கு இஃதொரு பாடம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைக் கூடம் புகுந்தார். ஆங்கிலப் பேராசிரியர் அதை விரும்பவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. ஸ்புரூ எனும் குடல்நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் பலிகொண்டிருந்தது.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றவர், மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து, தசைக்கு ஆற்றலளிக்கும் பாஸ்போகிரியேட்டினை 1927இல் கண்டறிந்தார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடம் சேர்ந்தார். 1945இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அதுவே மருந்தாயிற்று!

இச்சத்து இரத்தத்தில் இருந்தால் மட்டும் போதாது; உயிரணுவுக்குள் புக வேண்டும். சில உயிரணுக்களின் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பி என்னும் புரதம் உண்டு. வாயிற்காவலன் போல் அது ஃபோலேட்டைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. கருவுற்ற நான்கு வாரத்திற்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு இச்சத்து இன்றியமையாதது. இவ்வேற்பி அற்ற எலிக்கருக்கள் பிறக்குமுன்பே மடிகின்றன. நரம்புக்குழல் குறையுடைய பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாரிடம், ஃபோலிக் அமிலம் அக்குறை மீண்டும் வருவதை 100க்கு 72 அளவு தடுத்ததாக 1991இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

வளர்க்கும் வாயிலே நோய்க்கும் வழியாவதுண்டு. சூலகப் புற்றணுக்கள் பலவற்றில் இவ்வேற்பி மிகுந்து காணப்படுகிறது. அதையே குறிவைத்துத் தாக்கும் மருந்தொன்றுக்கு 2022இல் அமெரிக்கா அனுமதியளித்தது.

ஃபோலிக் அமிலத்தின் உருவை ஒத்து, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினும் சுப்பாராவ் குழுவின் கொடையே. இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு அது முதன்முதலாகத் தற்காலிக நலமளித்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மற்றொரு கொடை. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், தாயகம் திரும்பாமலே அவர் மறைந்தார்.

தலையையே தர முன்வந்த வள்ளலின் பெயரை நினைவூட்டும் குமணன்சாவடியில், இன்றும் கருவுற்ற தாய்மார் ஃபோலிக் அமில மாத்திரை உண்கின்றனர். கொடுத்தவர் பெயரை நாமேனும் அறிந்துவைப்போம்!