‘கெமிஸ்தம்’ தந்த மருத்துவர் கிறீன்

ஒரு மொழியின் வளம் அதன் காப்பியங்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. காலந்தோறும் தோன்றும் புத்தறிவைத் தன் சொற்களால் எடுத்துரைக்கும் ஆற்றலாலும் அளக்கப்படுவதாகும். அவ்வாற்றல் தமிழுக்கு உண்டென்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயலிற் காட்டியவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த கிறீன், மருத்துவம் பயின்று 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கி நோய் தீர்த்ததோடு, தமிழ் இளைஞர்க்கு மேலை மருத்துவத்தையும் கற்பித்தார். மக்களின் நோயை மக்களின் மொழியிலேயே அறிந்து தீர்க்க வேண்டும் என்பது அவர்தம் துணிபு. ஆதலின் தாம் தமிழ் கற்றார். 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு முதலிய துறை நூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின.

மருந்தின் இயல்பறிய வேதியியல் இன்றியமையாதது. அதற்கென அவர்தம் மாணவர் துணையோடு 1875இல் வெளிவந்த நூலே ‘கெமிஸ்தம்’. கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடுதல், கிட்டாவிடின் வடமொழியை நாடுதல், அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல் என்பது அவர் கொண்ட நெறி. நூற்பெயரே இம்மூன்றாம் வழிக்குச் சான்றாகும்.

அப்பெயரின் பயணமோ நெடியது. ஜாபிர், ராஸி முதலிய அறிஞர் பெயரோடு அரபுலகில் வளர்ந்த ‘அல்கீமியா’ என்னும் சொல், இலத்தீன் வழியே ஐரோப்பா சென்று ‘கெமிஸ்ட்ரி’ ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் ‘கெமிஸ்தம்’ எனத் தமிழுடை பூண்டது. பின்னர் ‘இரசாயனம்’ என்பது வழங்கிற்று. இன்று ‘வேதியியல்’ நிலைபெற்றுள்ளது. இது வேதம் என்பதினின்று வந்ததெனக் கருதுவாருளர். ஒரு பொருளைப் பிறிதொன்றாக மாற்றுதலைக் குறிக்கும் ‘வேதித்தல்’ என்னும் பழஞ்சொல்லே இதன் வேராகும். வாதநூலார் நெடுங்காலம் ஆண்ட சொல் அது.

உடல் நலிந்து 1873இல் தாயகம் மீண்ட பின்னும் கிறீன் தமிழை விட்டாரில்லை. 1884இல் மறையும் வரை தமிழ் நூற்பணியே அவர் உள்ளத்தில் நின்றது. தமிழர்க்குத் தொண்டு புரிந்த மருத்துவர் என்னும் குறிப்பு, அவர் விரும்பியவாறே வூஸ்டரில் உள்ள அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்தது.

இவ்வரலாறு நம் கரிசல் மண்ணுக்கும் உரியது. கோவில்பட்டிப் பகுதியில் தீக்குச்சித் தலையில் தோய்க்கும் வேதிக் கலவையை மக்கள் ‘மருந்து’ என்றே வழங்குவர். எழுத்தறியாத் தொழிலாளியும் தம் தொழிற்குச் சொல் கண்டுள்ளார். அவ்வாறிருக்க, புதியம்புத்தூரிலிருந்து தமிழ்வழிப் பயின்று கல்லூரி புகும் மாணவர், ‘காரம்’ என்று தாம் அறிந்த பொருளே ‘ஆல்கலி’ என வரக்கேட்டு மருளுதல் ஏன்? அச்சொல்லும் உவர்ச் செடியின் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபே. அஞ்சற்க! சொல் மாறினும் பொருள் ஒன்றே. கடல் கடந்து வந்தவர் கற்ற தமிழில் அறிவியல் உரைத்தார். பிறந்த தமிழில் நாம் உரைத்தல் அரிதோ? மாணவர் இதனைச் சிந்திப்பாராக. ஆசிரியரும் பெரியோரும் துணைநிற்பாராக.