மாற்றுக் கருத்தைப் போற்றிய மில்

பெரும்பான்மையோர் முடிவே குடியாட்சியின் அடிப்படை. எனினும் சிறுபான்மையோர் குரல் அங்கே ஒடுங்கலாகாது என்று வாதாடிய பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். அன்னார் 1806ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். பள்ளி செல்லாது, தந்தையார் ஜேம்ஸ் மில்லிடமே கல்வி பயின்றார்; மூன்று வயதிலேயே கிரேக்கம் கற்கத் தொடங்கினார்.

1823இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 35 ஆண்டுகள் உழைத்து, உயர் பதவி எய்தி, 1858இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே அருமை மனைவியார் ஹேரியட்டை இழந்தார். அவருடன் கூடி ஆராய்ந்து உருவாக்கிய சுதந்திரம் பற்றிய நூலை 1859இல் வெளியிட்டார். தனியொருவன் மாற்றுரைப்பினும் அவன் வாயை அடைத்தல் தகாது. அவன் கூற்று மெய்யாயின் அம்மெய்யை நாம் இழப்போம். பிழையாயின், எதிர்ப்பாரின்றி நம் கொள்கை வெறும் பழக்கமாகத் தேய்ந்துவிடும் என்பதே அதன் சாரம்.

1861இல் வெளிவந்த பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில், சிறுபான்மையோர்க்கும் தொகைக்கேற்ற இடம் கோரினார். 1865இல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1867இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி அவர் கொணர்ந்த திருத்தத்திற்கு ஆதரவு 73, எதிர்ப்பு 196. 1868 தேர்தலில் தோற்றார். 1873இல் பிரான்சு நாட்டின் அவிஞோன் நகரில் மறைந்து, மனைவியார் அருகிலேயே அடக்கமானார். ஆங்கிலப் பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெற்றது 1928இல்தான்.

இத்தகையோரும் இந்திய மக்கள் தன்னாட்சிக்குப் பக்குவப்படவில்லை என்றே கருதினார். 1951-52 பொதுத்தேர்தலில், எழுத்தறியா ஏழை மக்களும் வரிசையில் நின்று வாக்களித்து அக்கருத்தைப் பொய்யாக்கினர். ஆயினும், அன்னாரை நாம் மறுத்துரைக்கும் உரிமைக்கும் அன்னாரின் நூலே அரண் செய்கின்றது.