வாசியில்லாக் காசு

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாகத் தோன்றி, மருணீக்கியார் என்னும் பிள்ளைத் திருநாமம் பெற்றவர் திருநாவுக்கரசு சுவாமிகள். அவர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. இளமையிலே தாய் தந்தையரை இழந்த அவர், உலகின் நிலையாமையை உணர்ந்து, தம் குடிச்செல்வத்தை வாரி வழங்கி, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். எனினும் அக்கொடையோடு அவர் உள்ளம் அமைந்திலது. நன்னெறி யாதெனத் தேடிச் சமண சமயம் புகுந்து, தருமசேனர் எனப் பெயர் பெற்றார்.

பின்னர்ச் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்ததும், திருவதிகை வீரட்டானத்து இறைவன் அருளால் நோய் நீங்கியதும் அன்பர்கள் அறிந்தனவே. அன்றுதொட்டு அவரிடம் வழங்குதற்குச் செல்வம் இல்லை. நாவிலே பதிகம், கையிலே உழவாரம். இவையே அவருடைய உடைமை. சீகாழியிலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் அவரை அப்பர் என்று அழைத்தருளிய காலத்தில் சுவாமிகள் முதுமை எய்தியிருந்தார்.

அம்முதுமையிலே அறச்சாலைப் பணி மீண்டும் அவரைத் தேடி வந்தது. பிள்ளையாரும் சுவாமிகளும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்தபோது மழை பொய்த்தது, காவிரி வறண்டது, உயிர்கள் பசியால் வாடின. வீழிநாதப் பெருமான் இருவர் கனவிலும் தோன்றி, அடியார்களின் பசி தீர்க்க நாள்தோறும் படிக்காசு தருவதாக அருளினார். கிழக்குப் பீடத்தில் பிள்ளையார்க்கும் மேற்குப் பீடத்தில் சுவாமிகளுக்கும் ஒவ்வொரு காசு கிடைத்தது. இருவர் திருமடங்களிலும் உலை ஏறிற்று. உணவு கொள்ள வருமாறு பறையறைந்து யாவரையும் அழைத்தனர்.

ஆயினும் பிள்ளையார் மடத்தில் அமுது காலந்தாழ்ந்தே அமைந்தது. காரணம் வினவியபோது, அவர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி கேட்கின்றனர் என்றும், சுவாமிகளின் காசை வாசியின்றி உடனே ஏற்றுக்கொள்கின்றனர் என்றும் மடத்தார் விண்ணப்பித்தனர். வாசியாவது, நாணயத்தின் குறைவு கருதி அதன் மதிப்பிற் கழிக்கும் வட்டம். அப்பர் திருக்கையால் தொண்டு செய்பவராதலின் அவர்க்கு நற்காசு வந்தது எனத் தெளிந்த பிள்ளையார், இறைவனைப் பாடித் தாமும் வாசியில்லாக் காசு பெற்றார். மூத்த தொண்டரின் கையுழைப்புக்கு ஞானக்குழந்தையே அளித்த சான்று இது. பின்னர் மழை பொழிந்து, நாடு செழித்தது.

கொடுத்தவர் பசியறியாதவரும் அல்லர். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நீர்வேட்கையாலும் பசியாலும் சுவாமிகள் இளைத்தபோது, இறைவன் சோலையும் குளமும் ஆக்கிப் பொதிசோறு அளித்த வரலாறும் உண்டு. இறுதிநாளில் திருப்புகலூரிலே உழவாரம் இட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின. புல்லோடும் பருக்கைக் கல்லோடும் அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார். மிழலையிலே ஒரு காசைப் போற்றி ஏற்ற கை, புகலூரிலே பொற்குவையைத் தள்ளியது. அக்காசு பிறர் வயிற்றுக்கு உரியது. இப்பொன்னோ தமக்கென வந்தது. 81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதயத்திலே அத்தலத்தில் சுவாமிகள் இறைவன் திருவடி எய்தினார் என்பது மரபு.

இத்திருக்கோயிலின் குடமுழுக்குக்குப் பொன்னும் நெல்லும் உதவிய செல்வர்களே! பொருட்கொடை சிறிதென்பது கருத்தன்று. காசின்றி மிழலையில் உலை ஏறியிராது. ஆனால் இளமையில் நிதி வழங்கி அமைதி காணாத பெருமான், முதுமையில் கை வழங்கி நிறைவு கண்டார். அன்னம்பாலிப்பு நடைபெறும் நாளில் ஒரு பொழுதேனும் இலையிடவும், சோறு படைக்கவும், எச்சில் எடுக்கவும் வாருங்கள். நீங்கள் தந்த காசின் வாசி அங்கே தீரும்.

திருச்சிற்றம்பலம்.